கண்டக்டருக்குத் தலைசுற்றிய சனிக்கிழமை

தனசிங் ஓடும் பஸ்ஸில் குடித்துவிட்டு விழுந்தார் என்று குன்னூரில் ஏழு பேர் என்னிடம் சொன்னார்கள். ஏழு பேரும் கண்ணால் கண்டவர்கள். அந்த நடையில் டிரைவரையும் சேர்த்து மினி பஸ்ஸில் இருந்ததே ஆறு பேர்தான் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. அதனால் என்ன? எங்கள் ஊரில் ஒன்றைக் கண்ணால் காண்பதற்கு அந்த இடத்தில் இருந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. என்ன சரக்கு என்பதில் மட்டும் சின்னக் கருத்து வேறுபாடு இருந்தது. நாலு பேர் பிராந்தி என்றார்கள், மூன்று பேர் ரம் என்றார்கள்.

வதந்தி புதிது அல்ல. போன டிசம்பரில் பிறந்து, தவழ்ந்து, நடந்து, ஓரமாகப் படுத்துவிட்ட வதந்திதான். இந்த ஜூனில் அது மறுபடியும் எழுந்து உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு நாற்காலி.

பஸ் ஸ்டாண்டில் மினி பஸ் உரிமையாளர் சங்கத்துக்கு ஒரு தகரக் கூண்டு உண்டு. டைம் ஆபீஸ் என்று பெயர். உள்ளே ஒரு மேஜை, ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு மைக், ஒரு நாற்காலி. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அங்கே உட்கார்ந்திருப்பவர் மைக்கில் சொல்வார். மூன்று நிமிடம் பிந்தினால் உங்கள் டைம் போய்விடும். உங்கள் ஆட்களைப் பின்னால் நிற்கிற வண்டி அள்ளிக்கொண்டு போய்விடும். அந்த நாற்காலியில் இருந்த பெரியவர் மார்ச்சில் மகளோடு திருப்பூர் போய்ச் சேர்ந்துவிட்டார். காலியான இடத்தைத் தனசிங் கேட்டிருந்தார்.

தனசிங்குக்கு ஐம்பத்து நாலு வயது. ‘ரோஜா’ மினி பஸ்ஸில் இருபத்தாறு வருடம் கண்டக்டர். டிசம்பருக்குப் பிறகு அவரால் ஓடும் வண்டியில் நிற்க முடியாது. நடந்தால் இடது பக்கம் சாய்கிறது. பேச்சு மெதுவாக, கொஞ்சம் கொழகொழவென்று வருகிறது. ஓடாத வண்டி ஒன்று இருந்தால் அதில் வேலை பார்க்கலாம். அப்படிப்பட்ட ஒரே வண்டி அந்தத் தகரக் கூண்டுதான். மனைவி மெட்டில்டா நர்சரிப் பள்ளியில் ஆயா வேலை பார்த்துக் கொண்டுவருவதில் வீடு நடக்கிறது. ஆனால் மனிதர் வீட்டில் உட்கார்ந்தே தேய்ந்துகொண்டிருந்தார்.

“குடிகாரனைக் கொண்டுபோய் டைம் ஆபீஸ்ல உக்கார வெக்க முடியுங்களா?” என்று சங்கச் செயலாளர் சுரேந்திரன் கேட்டார். ரோஜாவின் முதலாளியும் இவர்தான். கேள்வி நியாயமானது. சங்கத்தின் ஆண்டு விழாக்களுக்கு நான் போயிருக்கிறேன். உட்கார வைக்க முடியாத நிலையில் அங்கே பலரைப் பார்த்திருக்கிறேன். ஜூலை முதல் திங்கட்கிழமை கூட்டத்தில் முடிவு செய்வதாகச் சொன்னார். எனக்கு மூன்று வாரம் இருந்தது. வேறு உருப்படியான வேலை எதுவும் இல்லாததால் விசாரிக்கக் கிளம்பினேன்.

முதலில் முகமது யூசுப். ஸ்டாண்டுக்கு எதிரே டீயும் வர்க்கியும் விற்கிற கடை. அங்கே பால் திரிவதற்குள் ஒரு செய்தி மூன்று முறை திரிந்துவிடும்.

“பாய், தனசிங் குடிச்சதை நீங்க பாத்தீங்களா?”

“நான் எங்கீங்க பாத்தேன். எல்லாரும் சொன்னாங்க.”

“முதல்ல யாரு சொன்னது?”

“நல்லாக் கேட்டீங்க. மழையில எந்தத் துளி முதல்ல விழுந்துச்சுன்னு கேட்பீங்களா?”

“இருபத்தாறு வருஷமா உங்க கடைக்கு வர்றாரே. என்ன குடிப்பாரு?”

“டீதான். அதுவும் சக்கரை போடாம.” கண்ணாடி டம்ளரைக் கழுவி வைத்தவர் குரலைத் தாழ்த்தினார். “ஆனா ஒண்ணுங்க. அன்னைக்கு மேலெல்லாம் தைல வாசமாமே?”

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்களுக்கு நீலகிரித் தைலம் சளிக்கு, தலைவலிக்கு, மூட்டுக்கு, மூட்டைப்பூச்சிக்கு. இன்னொரு உபயோகமும் உண்டு. அதைப் பாட்டிலில் அச்சடிக்க மாட்டார்கள். சாயங்காலம் ஒரு கட்டிங் போட்ட ஆண்பிள்ளை வீட்டுக்குத் திரும்பும்போது கழுத்திலும் மீசையிலும் தைலம் தேய்த்துக்கொண்டு போவான். சமவெளியில் ஏலக்காய் செய்கிற வேலையை இங்கே யூகலிப்டஸ் செய்கிறது. செய்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். மலையில் உள்ள எந்த மனைவியும் இதில் ஏமாறுவதில்லை. சாராய வாசம் அடித்தாலாவது ‘இல்லை’ என்று சாதிக்கலாம். தள்ளாடுகிற ஆளிடம் தைல வாசம் அடித்தால் மேல்முறையீடே கிடையாது.

இதில் ஒரு சிக்கல். தைலம் தனசிங்கின் தொழில் கருவியும்கூட.

டன்பார் எஸ்டேட்டுக்கு ரோஜா போகிற வழியில் பதின்மூன்று கொண்டை ஊசி வளைவுகள், கண்டக்டர் பேச்சில் ‘பெண்டு’கள். தனசிங்கின் தோள்பையில் டிக்கெட் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு தைலப் பாட்டில், அரிந்த எலுமிச்சை, பாலித்தீன் பை எல்லாம் இருக்கும். ஏறுகிறவரின் முகத்தைப் பார்த்தே எந்த வளைவில் வாந்தி என்று சொல்லிவிடுவார். “மூணாவது பெண்டு வரைக்கும் நிறுத்தாம பேசறவரு அஞ்சாவதுல எடுப்பாருங்க” என்பது அவர் கண்டுபிடிப்பு. தலைசுற்றலை அவர் வகை பிரித்து வைத்திருந்தார்: பெண்டு சுத்து, பசி சுத்து, பித்த சுத்து, பய சுத்து. மாமியார் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு வருவது பய சுத்து. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் தனி. எஸ்டேட் லைன் வீடுகளில் யாருக்காவது கிறுகிறுவென்று வந்தால் டாக்டரிடம் போவதற்கு முன் ரோஜாவில் ஏறி அவரிடம் கேட்டுக்கொள்வார்கள். டிக்கெட் விலையில் ஆலோசனையும் அடக்கம். அவருக்கு மட்டும் வண்டியில் ஒருநாளும் தலை சுற்றியதில்லை. கண்டக்டர் சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. பையை வைப்பதற்குத்தான் அது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் படுக்கையில் புரண்டபோது கூரை சுழன்றிருக்கிறது. அரை நிமிடம். எழுந்து உட்கார்ந்ததும் நின்றுவிட்டது. மறுபடி படுத்தால் மறுபடி சுழற்சி. அவர் வகைப்பாட்டில் எதிலும் இது அடங்காததால் மானக்கேடாக உணர்ந்து, யாருக்கும் தெரியாமல் டாக்டர் ஈவ்லினிடம் போனார். பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அந்த கிளினிக். டாக்டரம்மா அவரைக் கட்டிலில் சடக்கென்று சாய்த்து, தலையை ஒரு பக்கம் திருப்பித் தொங்கவிட்டு, கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல மறுபக்கம் திருப்பி, உடம்பையும் புரட்டி, எழுப்பி உட்கார வைத்தார். இரண்டே தடவை. சுற்றல் போயே போய்விட்டது.

“உள்காதுல பொடிப்பொடியா கல்லு இருக்குதாமுங்க. அது இடம் மாறிருச்சாம். தலையைத் திருப்பி மறுபடி அதும் இடத்துல உட்டுட்டாங்க” என்று அதற்குப் பின் ஒரு வருடம் பஸ்ஸில் பாடம் நடந்தது. ஐந்தாவது வகை கிடைத்துவிட்டது: கல்லு சுத்து. அது கிடைத்த வேகத்தில் மற்ற நாலு வகையையும் அது விழுங்கிவிட்டது.

நான் டாக்டர் ஈவ்லினைப் போய்ப் பார்த்தேன். தனசிங்கின் அனுமதிச் சீட்டோடுதான் போனேன். ஒரு துண்டுத் தாளில் கோணல் எழுத்து. படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“நான் அன்னிக்கு அவர்கிட்ட ரெண்டு விஷயம் சொல்ல ஆரம்பிச்சேன். ஒண்ணுதான் சொல்ல முடிஞ்சுது. வெளியே டிரைவர் ஹாரன் அடிச்சுட்டே இருந்தான். ‘டைம் போயிரும் மேடம், மீதியை அடுத்த தடவை கேட்டுக்கறேன்’னு செருப்பை மாட்டிட்டு ஓடிட்டார். அடுத்த தடவை வரவே இல்லை. சரியாயிட்டவங்க எதுக்கு வரப்போறாங்க?”

“சொல்லாம விட்ட மீதி என்னங்க டாக்டர்?”

“படுக்கையில புரளும்போது சுத்தி, ஒரு நிமிஷத்துக்குள்ள நின்னுட்டா பயப்பட வேண்டாம். மறுநாள் காலைல வந்து காட்டினாப் போதும். ஆனா சும்மா நிக்கறப்போ திடீர்னு சுத்து வந்து, அது நிக்கவே இல்லைன்னா விஷயம் வேற. கூடவே பேச்சு குழறுது, ஒண்ணு ரெண்டாத் தெரியுது, பிடிக்காம நிக்க முடியலை, ஒரு பக்கம் கை காலு மரத்துப் போகுது, இதுவரைக்கும் வராத மாதிரி தலைவலி வருதுன்னா, இதுல ஒண்ணு இருந்தாலும் போதும், செய்யறதை அப்படியே போட்டுட்டுக் கிளம்பணும். கிளினிக்குக்கு இல்லை, ஸ்கேன் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு. தானா வண்டி ஓட்டிட்டுப் போகக் கூடாது. படுத்துத் தூங்கிப் பாக்கறேன்னு சொல்லவே கூடாது. மூளையோட பின்பக்கத்துல ரத்தக் குழாய் அடைச்சிருக்கலாம். அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கு. ஆரம்பிச்ச நேரத்துல இருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். சிலருக்கு அதுக்கு மேலயும் வழி இருக்கும். ஆனா சீக்கிரம் போனாத்தான் எல்லாம்.”

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: “இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலை, பாத்தீங்களா?”

பார்த்தேன்.

தனசிங் குடியிருக்கும் டன்பார் எஸ்டேட் லைன், ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. தனசிங் ஜன்னலோரம் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். கை காற்றில் கொஞ்சம் தேடி, பிறகு கும்பிட்டது.

“வாங்க. ரெண்டு பேரும் உக்காருங்க.”

நான் திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் யாரும் இல்லை.

“சும்மா சொன்னேனுங்க,” என்று சிரித்தார். வார்த்தைகள் ஒவ்வொன்றாக, சறுக்குகிற படியில் இறங்குவதுபோல வந்தன. “இப்பெல்லாம் ஒண்ணரைதான் தெரியுது. முன்ன முழுசா ரெண்டு.”

“சும்மா இருங்க, வந்தவரை ஓட்டிக்கிட்டு,” என்றார் மெட்டில்டா. டீ வைத்தார். பிறகு சுவரில் சாய்ந்து, கதை முழுக்க அங்கேயே நின்றார்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை. ஒன்பது நாற்பது நடை. நாலு பயணிகள். நல்ல மஞ்சு மூட்டம். பத்து மணி இருக்கும், எட்டாவது வளைவில் தனசிங் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று கம்பியைப் பிடித்தார்.

“ரோடு ரெண்டா இருந்துதுங்க. ‘ஏ வடிவேலு, ரெண்டு ரோடு தெரியுது, நீ எதுல ஓட்டற’ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. ‘கண்டக்டருக்கே பெண்டு சுத்தா, எலுமிச்சம்பழம் வேணுங்களா’ன்னு ஒரு அம்மா கேட்டுச்சு. நானும்தான் சிரிச்சேன்.”

அன்றுதான் முதன்முதலாகக் கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்தார். வாந்தி எடுத்தார். டிரைவர் வடிவேலு எஸ்டேட்டில் வண்டியை நிறுத்தி, பையிலிருந்த தைலப் பாட்டிலை எடுத்து அவர் கைக்குட்டையில் ஊற்றினான். அவசரத்திலோ அன்பு மிகுந்தோ, காலரிலும் நெஞ்சிலும் பாதிப் பாட்டில் கவிழ்ந்தது. வழக்கமாக அடுத்தவர்களுக்குச் செய்வதை அன்று அவருக்குச் செய்தார்கள். சரியாகிவிடும் என்று அவர் வீட்டில் இறங்காமல் வண்டியிலேயே இருந்துவிட்டார். திரும்பி வரும் வழியில் பத்து ஐம்பதுக்கு அரசு ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டியது ரோஜா. ஸ்டாண்டைத் தொட்டுவிட்டு, பதினொன்று ஐந்துக்கு அதே கேட்டை மறுபடியும் தாண்டியது.

“வடிவேலு கேட்டான், எறங்கறீங்களாண்ணேன்னு. நான்தான் வேண்டாம்னு கையை ஆட்டினேன். கல்லுதான் எடம் மாறிருச்சுன்னு நெனைச்சேனுங்க. கல்லுன்னா எனக்குத் தெரியுமே. ஊட்டுக்குப் போயி தலையைத் திருப்பிக்கலாம்னு.”

“பேச்சு குழறுச்சா?”

“எனக்குக் கொழறலைங்க. கேட்டவங்களுக்குத்தான் கொழறுச்சு.” மறுபடி சிரிப்பு. மெட்டில்டா சிரிக்கவில்லை.

பதினொன்று இருபதுக்கு லைன் வாசலில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து வீட்டுக்கு நாற்பது அடி. வேலியைப் பிடித்துக்கொண்டு, சாய்ந்து, நின்று, ஒரு தடவை உட்கார்ந்து, நாற்பது அடியைக் கடந்தார். பட்டப்பகலில் லைன் முழுக்கப் பார்த்தது. குன்னூரின் ஏழு சாட்சிகள் உருவானது அந்த நாற்பது அடியில்தான் என்று நினைக்கிறேன். பிறகு கட்டிலில் படுத்து, தலையை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, டாக்டரம்மா செய்தபடியே திருப்பியிருக்கிறார். இடப்பக்கம். வலப்பக்கம். மறுபடி இடப்பக்கம். எத்தனை தடவை என்று அவருக்கு நினைவில்லை. கடைசியில் தூங்கிப்போனார்.

“இவ மத்தியானம் வந்து பாத்திருக்கா. எழுப்பலை. அசந்து தூங்கறாரேன்னு உட்டுட்டா.” மெட்டில்டாவின் பக்கம் தலையைத் திருப்பினார், திரும்பிய தலை இடம் தாண்டிப்போய்த் திரும்பி வந்தது. “வேற பொம்பளையா இருந்தா உலுக்கிக் கேள்வி கேட்டிருப்பா. எம் பொண்டாட்டி மாதிரி வராதுங்க.”

மெட்டில்டா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் கிளம்பியபோது, குறுக்குவழியில் மேல் ரோடு வரை கொண்டுவிடுவதாகச் சொல்லி மெட்டில்டா என்னோடு வந்தார். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் பாதி தூரம் ஏறியதும் நின்றார்.

“அவரு சொன்னது நெசமில்லைங்க.”

“எது?”

“தூங்கட்டும்னு உடலை நானு.”

சால்வையின் நுனியைச் சுருட்டினார், பிரித்தார்.

“எங்கப்பா குடிப்பாருங்க. ஒவ்வொரு சனிக்கிழமையும் தைலத்தைப் பூசிக்கிட்டு வந்து எங்கம்மாவைப் போட்டு அடிப்பாரு. கல்யாணத்தன்னைக்கே இவருகிட்ட சொன்னேன், உங்ககிட்ட அந்த வாசம் மட்டும் வந்துச்சுன்னா நான் பேச மாட்டேன்னு. அதுக்காகவே வேலை முடிச்சு வந்தா பையை வெளியவே மாட்டிட்டு, கையைக் கழுவிட்டுத்தான் உள்ள வருவாரு. அன்னைக்கு ஒரு மணிக்குக் கதவைத் திறக்கறேன், ஊடே தைலம். சட்டையெல்லாம். வாந்தி. தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு என்னமோ ஒளறினாரு. ‘மெட்டில்டா, சுத்துது’ன்னு சொல்லியிருப்பாரு போல. எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க. எங்கப்பாதான் படுத்திருக்காருன்னு தோணுச்சு.”

“அப்புறம்?”

“சர்ச்சுல புள்ளைங்களுக்குக் கிறிஸ்மஸ் டிராமா பழக்கணும். ரெண்டரை மணிக்குக் குடையை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். முகத்தைக்கூடப் பாக்கலை. ஆறு மணிக்குத் திரும்பி வந்தா, எழுப்ப எழுப்ப எந்திரிக்கலை. அதுக்கப்பறம்தான் நூத்தெட்டுக்குப் போன் பண்ணி, ஊட்டி, கோயம்புத்தூர்னு.”

மறுபடியும் சால்வை நுனியைச் சுருட்டினார்.

“பத்து மணிக்கு ஆரம்பிச்சது. நாலரை மணி நேரம்னு கோயம்புத்தூர்ல டாக்டர் சொன்னாரு. கணக்குப் போட்டுப் பாருங்க. ரெண்டரை.”

மலைப்பாதையில் ஆம்புலன்ஸுக்கு ஆகிற நேரம், ஸ்கேனுக்கு ஆகிற நேரம் எல்லாம் சேர்த்தால் கணக்கு அப்படி வராது என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். அந்தக் கணக்கைத் தினமும் போடுகிறவரிடம் வெளியாள் வந்து விடையைத் திருத்த முடியாது.

“அவருகிட்ட சொல்லிடாதீங்க. நான் சந்தேகப்பட்டேன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாரு. ஊரு சொன்னதைவிட அதுதான் அவருக்குப் பெருசா இருக்கும். நேரம் பாத்து நானே சொல்லிக்கறேன்.”

வடிவேலுவை ஸ்டாண்டில் பிடித்தேன். ஏற்கெனவே பளபளவென்று இருந்த முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“தனசிங் அன்னிக்குக் குடிச்சிருந்தாரா?”

“வண்டி எடுக்கற நேரம் சார்.”

“இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு.”

துணியைப் பிழிந்தான். அதில் தண்ணீரே இல்லை. “மொதலாளி என்னைக் கூப்பிட்டு என்ன கேட்டாரு தெரியுமா? ‘ஆஸ்பத்திரி கேட்டை ரெண்டு தடவை தாண்டியிருக்கே, ஏண்டா நிறுத்தலை?’ன்னாரு. என்ன சொல்லட்டும் சார்? பின்னாடி வண்டி உறுமிக்கிட்டு நிக்குது, டைம் போயிரும்னு சொல்லட்டுமா? டைமை உட்டா அதுக்கும் அவருதான் திட்டுவாரு.”

“அதனால?”

“தைல வாசம் அடிச்சுதுன்னு சொன்னேன். அவ்வளவுதான். குடிச்சாருன்னு எவங்கிட்டயும் நான் சொல்லலை.”

“தைலத்தை ஊத்தினது யாரு?”

வடிவேலு கண்ணாடியைப் பார்த்தான். “நான்தான்.”

பத்து வருடம் தனசிங்கின் டிபன் பாக்ஸிலிருந்து சாப்பிட்டவன். கண் கலங்கிவிட்டது. சங்கக் கூட்டத்தில் வந்து இதைச் சொல்வதாக, நான் கேட்காமலே, தாயின் மேல் ஆணையிட்டான். ஆணையிடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். ஆனாலும் நம்பினேன்.

ஜூலை முதல் திங்கள். சங்கத்தின் மாடி அறையில் பதினாலு முதலாளிகள். தனசிங் வெள்ளைச் சட்டை போட்டு, மெட்டில்டாவின் தோளைப் பிடித்து மாடி ஏறி வந்தார். பதினெட்டுப் படிக்கு எட்டு நிமிடம். ஏறி முடித்ததும் சிரித்துக்கொண்டே கையெடுத்தார். அந்தச் சிரிப்பு, அந்தச் சாய்வு, அந்தக் கொழகொழத்த “வணக்கமுங்க”: பார்த்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் உடம்பே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

வடிவேலு வரவில்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று லீவு போட்டு தேவாலா போயிருந்தான். கூட்டம் நடக்கும் நாட்களில் டிரைவர்களின் மாமியார்களுக்கு இப்படி ஆவது வழக்கம்தான்.

மெட்டில்டா கோயம்புத்தூர்க் காகிதங்களை மேஜையில் வைத்தார். சுரேந்திரன் பார்த்தார், பக்கத்து முதலாளியிடம் நகர்த்தினார்.

“பக்கவாதம்னு போட்டிருக்குதுங்க. சரி. குடிக்கலைன்னு போட்டிருக்குதுங்களா?”

“குடிக்காதவருக்குக் குடிக்கலைன்னு எதுக்குங்க எழுதுவாங்க?” என்றார் மெட்டில்டா.

“கோவிச்சுக்காதீங்கம்மா. தனசிங் மேல எனக்கு என்ன பகை? எங்கிட்ட இருபத்தாறு வருஷம் இருந்த ஆளு. ஒண்ணு மட்டும் கேக்கறேன், அதுக்குப் பதில் சொன்னீங்கன்னா இந்த நாற்காலி அவருக்குத்தான்.” குரலில் உண்மையான குழப்பம் இருந்தது. “ஒரு மணிக்கு நீங்க ஊட்டுக்கு வந்ததை லைனே பாத்துச்சு. புருசன் அந்தக் கோலத்துல கெடக்கறாரு. குடிச்சிருக்காருன்னு நீங்க நெனைக்கலைன்னா, ஏம்மா ஆறு மணி வரைக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலை?”

அறையில் எல்லோரும் மெட்டில்டாவைப் பார்த்தார்கள். தனசிங்கும் பார்த்தார். அவர் முகத்தில் கவலையே இல்லை. ஆசிரியரிடமிருந்து விடை தெரிந்த கேள்வி வந்துவிட்ட மாணவனைப்போல, அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தார்: தூங்கட்டும்னு விட்டேங்க.

அதையே மெட்டில்டா சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. சர்ச்சில் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொடுக்கிற பெண். உண்மையைச் சொல்லலாமென்றால் கணவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். வாயைத் திறந்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்தார். காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

நான் எழுந்து பேசியிருக்கலாம். எழுதுவதில் இருக்கிற தைரியம் எழுவதில் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. தைலம் ஊற்றியது வடிவேலு என்று நான் முனகியபோது சுரேந்திரன் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். அது டீசல் விலை.

நாற்காலி சுரேந்திரனின் மச்சானுக்குப் போயிற்று. அவர் குடிப்பாரா என்று எவரும் கேட்கவில்லை. மைக்கில் அவர் குரல் நன்றாகவே இருக்கிறது.

இறங்கும்போது பதினெட்டுப் படிக்கு இன்னும் அதிக நேரம் ஆயிற்று. ஆறாவது படியிலோ ஏழாவது படியிலோ தனசிங் நின்றார். பின்னால் வந்த எனக்கு அவர் கேட்டது காதில் விழுந்தது. கோபமாக இல்லை, டிக்கெட் எடுத்தீங்களா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

“ஏன் மெட்டில்டா, தூங்கட்டும்னு உட்டேன்னு சொல்லலை?”

“பாத்து இறங்குங்க. படி ஈரமா இருக்கு.”

“இல்ல, சொல்லியிருந்தா முடிஞ்சுதே.”

“அப்பறம் சொல்றேனுங்க.”

அதற்குப் பிறகு இரண்டு தடவை அவர்கள் வீட்டுக்குப் போய்வந்தேன். தனசிங் இப்போது மற்றவர்களின் தலைசுற்றலுக்கு வைத்தியம் சொல்வதில்லை. லைனில் யாராவது வந்து கேட்டால், “நின்னுக்கிட்டிருக்கறப்போ வந்துச்சா, படுத்திருக்கறப்போ வந்துச்சா? நின்னுருச்சா, நிக்கலையா? எத்தனையாத் தெரியுது?” என்று கேட்கிறார். பதில் கொஞ்சம் கோணலாக வந்தாலும் வண்டி பிடிக்கச் சொல்லி விரட்டுகிறார். ஆவணியில் எதிர் வீட்டு கலைமதியின் தகப்பனாரை அப்படித்தான் விரட்டினார். அவர் மூன்றாம் நாள் தன் காலில் நடந்து திரும்பி வந்தார். அதைச் சொல்லும்போது தனசிங்கின் முகத்தில் பழைய கண்டக்டர் கொஞ்சம் தெரிந்தார்.

இதை எழுதலாமா என்று மெட்டில்டாவிடம்தான் கேட்டேன். ரோட்டோரத்தில் வெகுநேரம் யோசித்தார்.

“எழுதுங்க. நாலு பேருக்காவது ஆகட்டும். அவருக்கு எழுத்து ஆடுது, பேப்பரை நான்தான் படிச்சுக் காட்டறேன்.”

“அந்த இடம் வந்தா?”

“தாண்டிருவேன்.” பிறகு, “தெரியலைங்க,” என்றார். “படிச்சாலும் படிச்சிருவேன்.”

போன வாரம் நான் போயிருந்தபோது தனசிங் அன்று படியில் கேட்டதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். மெட்டில்டா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: “ஒண்ணு கேட்டேன் அவகிட்ட. அப்பறம் சொல்றேன்னா. நான் அவசரப்படுத்தலைங்க.”

மூன்று மாதம் ஆகிறது. அந்தப் பதில் இன்னும் பாக்கிதான்.